உருகுவேயில் ஓய்வுக்காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பணி ஓய்வுக்குப் பிறகு தென் அமெரிக்காவில் குடியேற நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது எக்வடோரையும் கொலம்பியாவையும்தான். உருகுவேயைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. கேட்பவர்களில் பலரும் ஏதோ ஒரு வீடு விற்கும் நிறுவனத்தின் விளம்பரத்தைப் படித்துவிட்டு வருகிறார்கள். கீழே உள்ள பதில்கள் அந்த விளம்பரங்களில் இடம்பெறாத பகுதியைச் சேர்ந்தவை.

உருகுவே எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரிய நாடு?

பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் இடையில், அட்லாண்டிக் கரையில். தென் அமெரிக்காவில் இதைவிடச் சிறிய தனிநாடு சுரினாம் மட்டுமே. பரப்பளவு சுமார் 1,76,000 சதுர கிலோமீட்டர். மக்கள் சுமார் 35 லட்சம் பேர். மாடுகளின் எண்ணிக்கை அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். மக்களில் பாதிப் பேர் தலைநகரான மொண்டேவீடியோவிலும் அதைச் சுற்றியும் வசிக்கிறார்கள். மீதி நாடு புல்வெளி.

செலவு குறைவான நாடுதானே?

இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. லத்தீன் அமெரிக்காவிலேயே விலைவாசி அதிகமான நாடுகளில் உருகுவேயும் ஒன்று. மதிப்புக்கூட்டு வரி 22 சதவீதம். சில அடிப்படைப் பொருள்களுக்கு 10. பெட்ரோல் அரசு நிறுவனமான அன்காப் வழியாக வருகிறது, அக்கம்பக்கத்து நாடுகளைவிட விலை அதிகம். இறக்குமதியாகும் எதுவும், செருப்பு முதல் சலவை இயந்திரம் வரை, கண்ணைக் கட்டும் விலை. உள்ளூர் மாட்டிறைச்சி, பால், ஒயின், வாரச் சந்தைக் காய்கறிகள் ஆகியவை மட்டும் ஓரளவு நியாயமானவை.

மொண்டேவீடியோவின் நல்ல பகுதியில் வாடகைக்கு வீடு எடுத்து, மருத்துவச் சந்தா கட்டி, அவ்வப்போது வெளியில் சாப்பிட்டு வாழ நினைக்கும் தம்பதி மாதம் 2,500 டாலருக்குக் கீழே கணக்குப் போட வேண்டாம் என்பது என் கருத்து. சொந்த வீடு இருந்தால் கணக்கு வேறு. மாதம் 1,200 டாலரில் இருவர் நிம்மதியாக வாழலாம் என்று யாராவது சொன்னால், அவர் எக்வடோரின் குவெங்கா நகரைப் பற்றிப் பேசுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் ஏன் அங்கே போகிறார்கள்?

நிறுவனங்கள் ஓரளவு ஒழுங்காக நடப்பதால். நகராட்சி அலுவலகம், நீதிமன்றம், மின்சாரம், வங்கி, சொத்துப் பதிவேடு என்று வயதான காலத்தில் ஒருவர் சார்ந்திருக்க வேண்டியவை எல்லாம் இதில் அடங்கும். 1973 முதல் 1985 வரை இராணுவ ஆட்சி இருந்தது. அதன் பிறகு தேர்தல்களும் ஆட்சி மாற்றங்களும் சண்டை சச்சரவின்றி நடந்துவருகின்றன. இடதுசாரிகள் தோற்றால் வீட்டுக்குப் போகிறார்கள், வலதுசாரிகள் தோற்றாலும் அப்படியே. ஓர் ஆற்றைத் தாண்டினால் இருக்கும் அர்ஜென்டினாவின் வரலாற்றைத் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

மின்சாரத்தின் மிகப் பெரும் பகுதி காற்று, நீர் போன்ற புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வருகிறது. கண்ணாடி இழை இணையம் சிற்றூர்கள் வரை போயிருக்கிறது. பெரிய நிலநடுக்கமோ எரிமலையோ இல்லை. கரீபியன் பகுதியைத் தாக்கும் ஹரிகேன் சூறாவளிகளும் இங்கே எட்டிப்பார்ப்பதில்லை.

ஒழுங்கு என்றால் குறையே இல்லை என்று பொருளல்ல. 2002-இல் பெரும் வங்கி நெருக்கடி வந்தது. 2023-இல் கடும் வறட்சியால் தலைநகருக்கு நீர் தரும் பாசோ செவெரினோ நீர்த்தேக்கம் ஏறக்குறைய வற்றிப்போக, கழிமுகத்து நீரைக் கலந்து விநியோகித்தார்கள். குழாயைத் திறந்தால் வந்தது உப்புத் தண்ணீர். குளிர்கால மழை வந்த பிறகே நிலைமை சீரானது. குழாய் நீரை நம்பிக் குடிக்கலாம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நகரத்துக்கு அது பெரிய அடி.

வதிவிட உரிமை பெறுவது கடினமா?

கடினம் என்று சொல்ல முடியாது. மெதுவானது, தாள்கள் நிறைந்தது. தொடக்கத்திலிருந்தே நிரந்தர வதிவிடத்துக்கே விண்ணப்பிக்கலாம் என்பது உருகுவேயின் தனிச்சிறப்பு. பல நாடுகளைப்போல இரண்டு ஆண்டு தற்காலிகம், பிறகு புதுப்பித்தல், பிறகு மீண்டும் புதுப்பித்தல் என்ற அலைச்சல் இல்லை.

கேட்கப்படும் முக்கிய ஆவணங்கள் இவை: பிறப்புச் சான்றிதழ், திருமணமானவர் என்றால் திருமணச் சான்றிதழ், கடந்த ஐந்து ஆண்டுகளில் வாழ்ந்த நாடுகளின் காவல்துறை நன்னடத்தைச் சான்று, உள்நாட்டில் எடுத்த மருத்துவச் சான்று, வருமானச் சான்று. வெளிநாட்டுச் சான்றிதழ்கள் அனைத்தும் அப்போஸ்டில் என்ற பன்னாட்டு அங்கீகார முத்திரை பெற்றிருக்க வேண்டும். ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பை உருகுவேயில் பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் செய்துகொள்வதே பாதுகாப்பு. வெளிநாட்டில் காசு கொடுத்து மொழிபெயர்த்துக் கொண்டுவந்து, இங்கே மறுபடியும் செய்ய வேண்டி வந்தவர்கள் உண்டு.

ஓய்வூதியம், வாடகை, முதலீட்டு வருமானம் என்று மாதந்தோறும் நிலையாக வரும் தொகையைக் காட்ட வேண்டும். அதைச் சான்றளிப்பவர் எஸ்கிரிபானோ எனப்படும் சட்டம் படித்த நோட்டரி. இவரை நம் ஊர் நோட்டரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தெருமுனையில் முத்திரை குத்திவிட்டுப் போகிறவர் அல்ல இவர். சொத்தின் பழைய பத்திரங்களைத் தோண்டிப் பார்ப்பதிலிருந்து உயில் எழுதுவது வரை உங்கள் உருகுவே வாழ்க்கையின் பாதி இவர் மேசையில்தான் நடக்கும். நல்ல எஸ்கிரிபானோவைத் தேடிக் கண்டுபிடிப்பது நல்ல வீட்டைக் கண்டுபிடிப்பதைவிட முக்கியம். வீடு விற்கும் முகவரே பரிந்துரைக்கும் எஸ்கிரிபானோவைத் தவிருங்கள்.

விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதே செதுலா என்ற தேசிய அடையாள அட்டை கிடைத்துவிடும். அது கையில் இருந்தால் மருத்துவச் சந்தா, கைபேசி ஒப்பந்தம், வங்கி எல்லாம் எளிது. அது இல்லாத மாதங்கள்தான் எரிச்சலூட்டும் மாதங்கள்.

ஓய்வூதியர்களுக்கென்று தனிச் சட்டம் இருப்பதாகப் படித்தேனே?

இருக்கிறது: 1992-இல் வந்த 16,340 எண் கொண்ட சட்டம். மாதம் குறைந்தது 1,500 டாலர் ஓய்வூதியமும், ஒரு லட்சம் டாலர் மதிப்புள்ள வீடோ அதே மதிப்புக்கு அரசுக் கடன் பத்திரமோ இருந்தால், வீட்டுப் பொருள்களையும் ஒரு காரையும் சுங்க வரியில்லாமல் கொண்டுவரலாம். சிறப்புக் கடவுச்சீட்டும் கிடைக்கும். அந்த முதலீட்டைப் பல ஆண்டுகள் கைமாற்றக் கூடாது என்பது நிபந்தனை. பெரும்பாலானவர்கள் இந்த வழியைத் தேர்ந்தெடுப்பதில்லை, சாதாரண வதிவிட வழியிலேயே போகிறார்கள். ஊரைப் பார்த்துப் பழகும் முன்பே ஒரு லட்சம் டாலரைக் கட்டிப்போடுவது எனக்கும் சரியாகப் படவில்லை.

இந்தியக் கடவுச்சீட்டில் போக முடியுமா? இந்திய ஓய்வூதியம் என்ன ஆகும்?

முடியும். இந்தியாவும் உருகுவேயும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால் சான்றிதழ் வேலை எளிது. ஆனால் இந்தியத் தூதரகப் பணிகளுக்குப் பல காலமாகவே பியூனஸ் அயர்ஸைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆற்றைக் கடக்கும் படகுச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

அரசு ஓய்வூதியம் பெறுபவர்கள் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் நிரந்தரமாகத் தங்கியதும் சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும் என்பது அந்நியச் செலாவணி விதி. அதை மறந்துவிட்டுப் பழைய கணக்கிலேயே பணம் வாங்கிக்கொண்டிருப்பவர்கள் பின்னால் சிக்குகிறார்கள். இரு நாடுகளுக்கும் இடையே இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. இருந்தாலும், ரூபாயில் மட்டும் ஓய்வூதியம் வாங்குபவர் அந்தப் பணத்தைக் கொண்டு உருகுவேயில் குடும்பம் நடத்துவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. இங்கே குடியேறும் யோசனை அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ வேலை செய்து, டாலரிலோ யூரோவிலோ ஓய்வு வருமானம் உள்ளவர்களுக்கே பொருந்தும்.

குடியுரிமை கிடைக்குமா?

குடும்பமாக வாழ்பவர்களுக்கு மூன்று ஆண்டு, தனியாக இருப்பவர்களுக்கு ஐந்து ஆண்டு வசித்த பிறகு கேட்கலாம். பெயருக்கு வந்துபோனால் போதாது. உண்மையிலேயே வாழ்ந்ததைத் தேர்தல் நீதிமன்றம் சரிபார்க்கும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். இன்னொன்று: குடிமகனானால் வாக்களிப்பது கட்டாயம், போடாவிட்டால் அபராதம்.

மருத்துவ வசதி எப்படி?

உருகுவேக்குப் போவதற்கு இருக்கும் நல்ல காரணங்களில் இது ஒன்று. அதே நேரம் தாமதித்தால் கைநழுவும் காரணமும் இதுவே.

அங்கே மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களுக்குப் பதிலாக முத்துவாலிஸ்டா என்ற அமைப்புகள் இருக்கின்றன. மாதச் சந்தா கட்டி உறுப்பினர் ஆனால், அவர்களுடைய சொந்த மருத்துவமனை, சொந்த மருத்துவர்கள், ஆய்வகம் எல்லாம் உங்களுக்கு. இந்த மரபு பழையது: குடியேறி வந்த ஸ்பானியர்கள் தமக்குள் நிதி திரட்டி 1853-இல் தொடங்கிய அசோசியாசியோன் எஸ்பான்யோலா இன்றும் இயங்குகிறது. தனியாகச் சேர்பவர்களுக்கான மாதச் சந்தா ஏறத்தாழ நூறு டாலர் அளவில் இருக்கும். மருத்துவரைப் பார்க்கும்போதும் மருந்து வாங்கும்போதும் ஒரு சிறு கட்டணம் தனி. அமெரிக்கக் காப்பீட்டுக் கட்டணங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு முதலில் இது நம்பும்படியாக இருக்காது.

இப்போது பிரச்சினைக்கு வருவோம். தனியாகச் சேர வருபவர்களுக்குப் பல அமைப்புகள் வயது வரம்பும் மருத்துவப் பரிசோதனையும் வைத்திருக்கின்றன. அறுபதுக்குள் வந்தால் கதவு திறந்திருக்கும். எழுபதில், இதய நோயோடு வந்தால், எல்லாக் கதவும் திறக்காது. பிரிட்டிஷ் மருத்துவமனை போன்ற உயர்தரத் தனியார் திட்டங்களில் இன்னும் கறார். யாரும் ஏற்காவிட்டாலும் அஸ்ஸே என்ற அரசு மருத்துவ அமைப்பு இருக்கிறது. சிகிச்சை மறுக்கப்படாது, காத்திருப்பு நீளும். ஆகவே, "எழுபத்திரண்டு வயதில் போகலாமா?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது மருத்துவக் கோப்பைப் பற்றித்தான்.

டயாலிசிஸ், இதய அறுவை, இடுப்பு மூட்டு மாற்றம் போன்ற பெருஞ்செலவுச் சிகிச்சைகளுக்குத் தேசிய வள நிதி என்ற பொது நிதி பணம் கொடுக்கிறது. 1980 முதல் நடக்கும் ஏற்பாடு இது. முத்துவாலிஸ்டா உறுப்பினர்களும் இதன் கீழ் வருவார்கள்.

ஆம்புலன்ஸ் சேவைக்குத் தனிச் சந்தா உண்டு. சிறிய தொகைதான், மருத்துவரே வண்டியில் ஏறி வீட்டுக்கு வருவார். காய்ச்சலுக்குக்கூடக் கூப்பிடுகிறார்கள். தனியாக வாழும் முதியவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. உள்நாட்டுச் சிற்றூர்களில் அடிப்படைச் சிகிச்சை கிடைக்கும், சிக்கலானால் மொண்டேவீடியோதான். அமெரிக்காவின் மெடிகேர் அங்கே செல்லாது.

குளிர் எப்படி? தென் அமெரிக்கா என்றால் வெப்பம்தானே?

விளம்பரப் படங்களெல்லாம் ஜனவரியில் எடுக்கப்பட்டவை. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் பருவங்கள் தலைகீழ்: ஜனவரி கோடை, ஜூலை குளிர். ஜூலையில் பகலில் 15 பாகையைத் தொடும், இரவில் 7-க்கு இறங்கும். எண்ணைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? நான் டொராண்டோவில் இருந்தவன்" என்று சிரிப்பவர்கள்தான் ஆகஸ்டில் அதிகம் புலம்புகிறார்கள்.

காரணம், டொராண்டோவில் வெளியே குளிர், உள்ளே கதகதப்பு. உருகுவேயில் வெளியே இருக்கும் அதே குளிர் உள்ளேயும் இருக்கும். பெரும்பாலான வீடுகளில் மைய வெப்பமூட்டல் கிடையாது. செங்கல் சுவருக்கு வெப்பக் காப்பு கிடையாது. சன்னல் ஒற்றைக் கண்ணாடி. அதோடு ஆற்றுக் கழிமுகத்தின் ஈரம். அலமாரியில் வைத்த தோல் காலணியில் பூஞ்சை படரும், சுவரில் கறுப்புத் திட்டு வரும், துவைத்த துணி இரண்டு நாள் காயாது. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் அங்கே ஆடம்பரப் பொருள் இல்லை. மூட்டு வலி, ஆஸ்துமா உள்ளவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வீடு பார்க்கும்போது கடல் தெரிகிறதா என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை: விறகு அடுப்பு இருக்கிறதா? தரைக்கடியில் வெப்பமூட்டும் குழாய் இருக்கிறதா? வீடு வடக்குப் பார்த்ததா? ஆம், வடக்கு, அங்கே வெயில் வடக்கிலிருந்துதான் வரும். தெற்குப் பார்த்த வீட்டில் குளிர்காலம் முழுக்கச் சூரியனைப் பார்க்க மாட்டீர்கள். கடலும் பெரும்பாலும் தெற்கில்தான் இருக்கிறது என்பதால், கடற்காட்சிக்காக அதிகப் பணம் கொடுப்பவர் குளிரையும் சேர்த்தே வாங்குகிறார்.

எனவே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் வாடகை வீட்டில் இருந்து பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

எந்த ஊரில் குடியிருக்கலாம்?

கார் ஓட்ட விரும்பாதவர்களுக்கு மொண்டேவீடியோ. பொசிட்டோஸ், புண்டா கரேட்டாஸ் பகுதிகளில் மருத்துவமனை, கடை, பஸ் எல்லாம் நடை தூரம். ராம்ப்லா என்ற கரையோர நடைபாதை 20 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. மாலையில் கையில் மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குவளையும் கக்கத்தில் வெந்நீர்க் குடுவையுமாக ஊரே அங்கே உட்கார்ந்திருக்கும்.

புண்டா டெல் எஸ்டே அர்ஜென்டினப் பணக்காரர்களின் கோடைக்கால ஊர். ஜனவரியில் நெரிசல், விலை இரட்டிப்பு. ஜூனில் கட்டடம் கட்டடமாக இருட்டு. ஆண்டு முழுதும் அங்கே தங்கப் பழகியவர்கள் உண்டு. அந்த வெறுமை எல்லோருக்கும் ஒத்துவராது. பிரியாபோலிஸ், அட்லாண்டிடா இரண்டும் அதே கரையில், விலை குறைவு, ஓய்வுபெற்றவர்கள் அதிகம். கொலோனியா டெல் சாக்ரமெண்டோ அழகான பழைய போர்த்துகீசிய ஊர். அதன் பழம்பகுதி 1995 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அங்கிருந்து விரைவுப் படகில் பியூனஸ் அயர்ஸ் சுமார் ஒன்றேகால் மணி நேரம். வெந்நீர் ஊற்றுகள் பிடிக்கும் என்றால் வடமேற்கே சால்டோ. ஆனால் தலைநகரிலிருந்து பஸ்ஸில் அரை நாள் பயணம்.

வீடு வாங்குவது, வாடகைக்கு எடுப்பது பற்றி?

வெளிநாட்டவருக்கும் உள்நாட்டவருக்கும் சொத்துரிமையில் வேறுபாடு இல்லை. வீட்டு விலை அமெரிக்க டாலரில் பேசப்படும். அன்றாடச் செலவு பெசோவில். முகவர் கட்டணம் விலையில் 3 சதவீதமும் அதன் மேல் வரியும், எஸ்கிரிபானோவுக்கு ஏறத்தாழ அதே அளவு, சொத்துக் கைமாற்ற வரி 2 சதவீதம். ஆக, வீட்டு விலைக்கு மேல் எட்டு முதல் பத்து சதவீதம் ஒதுக்கி வையுங்கள். எஸ்கிரிபானோ முப்பது ஆண்டுப் பத்திரங்களைப் பார்ப்பார். பார்க்கட்டும்; அவசரப்படுத்தாதீர்கள்.

அடுக்குமாடி என்றால் மாதப் பராமரிப்புக் கட்டணத்தை முதலிலேயே கேளுங்கள். வாயிற்காவலர், மைய வெப்பமூட்டல் உள்ள கட்டடங்களில் அது சிலசமயம் வாடகையில் மூன்றில் ஒரு பங்கைத் தொடும்.

வாடகைக்கு எடுப்பதில் பெரிய தடை பிணை. உள்ளூர்ச் சம்பளம் இல்லாதவர்கள் வீட்டுவசதி வங்கியில் பல மாத வாடகையை வைப்புத்தொகையாகக் கட்ட வேண்டும், அல்லது காப்பீட்டு நிறுவனத்திடம் பிணை வாங்க வேண்டும். முதல் சில மாதங்களுக்குத் தட்டுமுட்டுப் பொருள்களோடு கிடைக்கும் குறுகியகால வாடகை வீடுகளே வழி, விலை அதிகம்தான்.

ஸ்பானிஷ் தெரியாமல் சமாளிக்க முடியுமா?

புண்டா டெல் எஸ்டே உணவகத்தில் சமாளிக்கலாம். அவசரச் சிகிச்சைப் பிரிவில் முடியாது. போவதற்கு ஓராண்டு முன்பே தொடங்குங்கள். பாடநூல் ஸ்பானிஷில் "ய" என்று ஒலிப்பதை இவர்கள் "ஷ" என்கிறார்கள், "நீ" என்பதற்கு வேறு சொல் வைத்திருக்கிறார்கள். முதல் வாரம் குழப்பும், பிறகு பழகிவிடும்.

சைவ உணவுக்காரர்கள் என்ன செய்வது?

வீட்டில் சமைத்தால் கவலையில்லை. உருகுவே அரிசி விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாடு. கிழக்கே ட்ரெயின்டா இ ட்ரெஸ், ரோச்சா பகுதிகளில் நெல் வயல்கள் பரந்து கிடக்கின்றன. பருப்பு வகைகளில் மசூர், கொண்டைக்கடலை தாராளம். துவரம்பருப்பு, உளுந்து தேட வேண்டும். கறிவேப்பிலை, முருங்கைக்காயை மறந்துவிடுங்கள். மிளகாயை இந்த மக்கள் அஞ்சி நடுங்குவார்கள். கடையில் காரம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

வெளியில் சாப்பிடும்போது பீட்சா, பாஸ்தா, கீரை வைத்துச் சுட்ட பஸ்குவாலினா. எனக்குப் பிடித்தது ஃபைனா: கடலை மாவைக் கரைத்து எண்ணெய் ஊற்றித் தட்டில் சுட்ட அடை, மேலே மிளகுத்தூள். இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்தது. எல்லாப் பீட்சாக் கடையிலும் கிடைக்கும், மலிவு. மற்றபடி இது மாட்டிறைச்சி நாடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் எந்தத் தெருவில் நடந்தாலும் விறகுப் புகையும் இறைச்சி மணமும் வரும். அது சகிக்காது என்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்தியர்கள், தமிழர்கள் இருக்கிறார்களா?

சிறு எண்ணிக்கையில். டாட்டா கன்சல்டன்சி 2002-இல் மொண்டேவீடியோவில் மையம் தொடங்கியதிலிருந்து மென்பொருள் ஊழியர்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். அவர்கள் இளைஞர்கள், ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். கோயில், தமிழ்ச் சங்கம், பொங்கல் விழா எதிர்பார்த்து வருபவர்களுக்கு இது ஏற்ற நாடல்ல. நேர வேறுபாடு இந்தியாவோடு எட்டரை மணி. சென்னையில் காலை ஆறு என்றால் இங்கே முந்தைய இரவு ஒன்பதரை. இரவுச் சாப்பாட்டு நேரமே அதுதான் என்பதால் பேரப்பிள்ளைகளோடு பேச வசதி. விமானப் பயணம் மட்டும் வதைக்கும்: மாட்ரிட் வழியாகவோ சாவோ பாவ்லோ வழியாகவோ, எப்படிச் சுற்றினாலும் ஒரு நாளுக்கு மேல்.

வரி?

வெளிநாட்டு ஓய்வூதியத்துக்கு உருகுவே வரி விதிப்பதில்லை. வெளிநாட்டு வட்டி, ஈவுத்தொகைக்கு 12 சதவீத வரி 2011 முதல் இருக்கிறது. புதிதாக வருபவர்களுக்குப் பல ஆண்டுச் சலுகை உண்டு. இந்தச் சலுகை விதிகளை அரசுகள் அடிக்கடி திருத்துகின்றன, ஆகவே பழைய கட்டுரைகளை நம்பாமல் அந்த ஆண்டு நிலவரத்தை உள்ளூர்க் கணக்காளரிடம் கேளுங்கள். அமெரிக்கக் குடிமக்கள் எங்கே வாழ்ந்தாலும் அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அதனாலேயே சில உருகுவே வங்கிகள் அவர்களுக்குக் கணக்குத் தொடங்கத் தயங்குகின்றன.

பாதுகாப்பான நாடா?

லத்தீன் அமெரிக்க அளவுகோலில் ஆம். இந்திய அளவுகோலில் அப்படிச் சொல்ல மாட்டேன். கொலை விகிதம் அண்மை ஆண்டுகளில் லட்சம் பேருக்குப் பத்தைத் தாண்டியிருக்கிறது. இந்தியாவின் விகிதத்தைப்போலப் பல மடங்கு. பெரும்பகுதி மொண்டேவீடியோவின் புறநகர்களில் போதைப்பொருள் கும்பல்களுக்கு இடையில் நடப்பது. ஓய்வுபெற்றவரைத் தொடுவது திருட்டு: கைபேசி பறிப்பு, பூட்டிய வீட்டை உடைத்துத் திருடுவது. தரைத்தள வீடுகளில் சன்னல் கம்பி எல்லோரும் போட்டிருக்கிறார்கள். கோடைக்கு மட்டும் திறக்கும் கடற்கரை வீடு பத்து மாதம் பூட்டிக் கிடந்தால் திருடனுக்கு வசதி.

என் காரைக் கொண்டுபோகலாமா?

மேலே சொன்ன ஓய்வூதியச் சட்டம் போன்ற விதிவிலக்குகள் தவிர, பழைய கார் இறக்குமதிக்குத் தடை. அங்கே வாங்குங்கள், விலையைக் கேட்டு உட்கார்ந்துவிடாதீர்கள்.

அங்கேயே இறந்துபோனால்?

நேராகக் கேட்பவர்கள் குறைவு, கேட்க வேண்டிய கேள்வி. உருகுவேயில் உள்ள சொத்துக்கு உருகுவே வாரிசுச் சட்டமே பொருந்தும், உங்கள் உயில் வேறு நாட்டில் எழுதப்பட்டிருந்தாலும். பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கு உண்டு: ஒரு பிள்ளை என்றால் சொத்தில் பாதி, இருவர் என்றால் மூன்றில் இரண்டு, அதற்கு மேல் நான்கில் மூன்று. மீதியை மட்டுமே விருப்பப்படி எழுதலாம். இரண்டாம் திருமணம் செய்துகொண்டவர்கள், எல்லாவற்றையும் மனைவிக்கே எழுத நினைப்பவர்கள் வீடு வாங்கும் முன்பே எஸ்கிரிபானோவிடம் இதைப் பேசிவிடுங்கள். அங்குள்ள சொத்துக்கு அங்கேயே தனி உயில் எழுதுவது நல்லது.

எரியூட்டும் வசதி மொண்டேவீடியோவில் இருக்கிறது. மதச் சடங்குக்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள், உதவிக்கும் ஆள் கிடைக்காது; அரசும் திருச்சபையும் நூறாண்டுக்கு முன்பே பிரிந்துவிட்ட நாடு, கிறிஸ்துமஸ்கூட அரசு நாட்காட்டியில் குடும்ப நாள்தான். 2025 அக்டோபரில் கருணைக்கொலையை அனுமதிக்கும் சட்டத்தையும் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நாற்பதாண்டுக்கும் மேலாகப் பழகிய மருத்துவரோ மதகுருவோ பக்கத்தில் இல்லாத இடத்தில், உங்கள் விருப்பம் என்ன என்பதை எழுத்தில் வைத்திருப்பது பிள்ளைகளுக்கு நீங்கள் செய்யும் உதவி.

பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாமா? வதிவிட உரிமை போய்விடுமா?

தொடர்ந்து மூன்று ஆண்டுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் நிரந்தர வதிவிடம் காலாவதியாகும். வீட்டை விற்பதற்கு வாங்கியதைவிட அதிக நேரம் ஆகும். சிறிய நாடு, வாங்குபவர்களும் குறைவு. பலர் இரண்டும் கெட்டான் நிலையில், கோடைக்கு உருகுவே, மீதிக்குப் பிள்ளைகள் இருக்கும் ஊர் என்று வாழ்கிறார்கள். பணம் இருந்தால் அதில் தவறேதும் இல்லை.

நாயைக் கொண்டுபோகலாமா?

தாராளமாக. வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் அரசுக் கால்நடை மருத்துவரின் சான்றும் வேண்டும். நாடாப்புழு மருந்து கொடுத்ததற்கான பதிவும் கட்டாயம். ஆடுமாடுகளை நம்பி வாழும் நாடு என்பதால், நாயின் நாடாப்புழுவால் பரவும் நீர்க்கட்டி நோய் விஷயத்தில் விளையாட மாட்டார்கள். மருந்தின் பெயரும் கொடுத்த தேதியும் சான்றிதழில் தெளிவாக இருக்கட்டும்.